பதினான்கு ஞாயிறுகளும் ஒரு வைஃபை பெட்டியும்

1

கடந்த ஞாயிறு காலை எட்டு நாற்பத்தொன்றுக்கு, டொராண்டோவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் இணையம் நின்றது. நான்கு நிமிடத்தில் திரும்பியது. இந்த நாட்டில் யாரும் இதை ஒரு செய்தியாகக் கருத மாட்டார்கள். நான் கருதினேன். படம் திக்கித் திணறி உறைந்தபோது திரையில் இருந்தவர் கீழ்க்கட்டளையில் உட்கார்ந்திருக்கும் என் அப்பா. அவருடைய இடது கை எதையோ சுட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கை எதைக் காட்டுகிறது என்பது தெரியாமல் போன ஆண்டு பதினான்கு ஞாயிறுகளை வீணடித்தவன் நான். ஆகவே இந்த முறை கவனமாகப் பார்த்தேன்.

அப்பா விழுந்து இந்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. தாம்பரத்தில் ஒரு பள்ளியில் முப்பத்தொரு வருடம் இயற்பியல் நடத்தியவர். நானும் அவர் வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்திருக்கிறேன். யாராவது ஒரு கணக்கோடு மல்லாடி ஒருவழியாக விடையைச் சொன்னால் அவர் பாராட்ட மாட்டார். விரல் முட்டியால் மேசையை இரண்டு முறை தட்டுவார். சரி, அடுத்த கணக்குக்குப் போ என்று அர்த்தம். வீட்டிலும் அதே தட்டுதான்.

ஒரு காலை முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர் வாஷ்பேசினுக்குப் பக்கத்திலேயே சரிந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. நான் மூன்று வார விடுப்பில் போய் வந்தேன். மருத்துவர் சொன்னதைப் பழைய பழக்கத்தில் அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன்: "பேச்சு வர்றது கஷ்டம். எவ்வளவு புரியுதுன்னு இப்ப சொல்ல முடியாது."

கிளம்பும் நாளன்று, டாக்சி வந்து நின்ற பிறகு, அம்மா கேட் அருகே என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "சாமு, அவருக்கு நாம பேசறது புரியுதாடா? நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன். சுவரோட பேசறேனா, மனுஷனோட பேசறேனான்னு தெரியலையே."

"பார்க்கலாம்மா" என்றேன். பதினொரு வருடம் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தவனின் பதில் அது. உறுதி செய்யப்படாத எதையும் நாங்கள் சொல்வதில்லை.

பார்ப்பதற்காகத்தான் அந்த லேப்டாப்பை அனுப்பினேன்.

2

பேச முடியாதவருடன் தொலைபேசியில் என்ன செய்வது? அம்மா ரிசீவரை அவர் காதில் வைப்பாள். நான் "அப்பா, எப்படி இருக்கீங்க?" என்பேன். மூச்சு கேட்கும். அவ்வளவுதான். முகம் பார்த்தால் ஏதாவது தெரியும் என்று நினைத்தேன். இங்கே ஒரு லேப்டாப்பும் வைஃபை பெட்டி ஒன்றும் வாங்கி, ஊருக்குப் போன ஒரு நண்பரிடம் கொடுத்துவிட்டேன். பிராட்பேண்ட் இணைப்பைத் தயாளன் என்பவர் கொடுத்தார். கீழ்க்கட்டளைப் பகுதிக்குக் கேபிள், இணைப்பு, பழுது எல்லாவற்றுக்கும் அவர்தான். பெட்டியைப் பொருத்தி, லேப்டாப்பில் எதை எத்தனை முறை அழுத்த வேண்டும் என்று அம்மாவுக்கு ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். வெப்கேமராவை அம்மாவே பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பேரம் பேசி வாங்கினாள். இந்த ஏற்பாட்டில் ஒருநாளும் தகராறு செய்யாத ஒரே பொருள் அதுதான்.

ஞாயிறு மாலை ஆறு மணி அவர்களுக்கு, காலை எட்டரை எங்களுக்கு. முதல் ஞாயிறு மூன்று நிமிடம் பார்த்தோம். அப்பா பிரம்பு நாற்காலியில், சவரம் செய்த முகத்தோடு, வெள்ளைச் சட்டையில். பிறகு முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. உறைந்தது. போயிற்று.

அன்றே ஒரு நோட்டில் நான்கு பத்திகள் கோடு போட்டேன். நேரம். இணைப்பு. நான் செய்தது. அப்பா. கடைசிப் பத்தி அம்மாவின் கேள்விக்கானது.

செய்தவற்றை இங்கே முழுவதும் எழுதினால் நீங்கள் படிக்க மாட்டீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லாவற்றையும் அணைத்து, முப்பது எண்ணி, மறுபடி போடச் சொன்னேன். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க லேப்டாப் தானாகவே வைஃபையை அணைத்துக்கொள்ளும் என்று படித்து, அந்த அமைப்பை மாற்றச் சொன்னேன். அதற்கு டிவைஸ் மேனேஜர் என்ற இடத்துக்குள் போக வேண்டும்.

"அம்மா, அந்த லிஸ்ட்ல நெட்வொர்க்குன்னு போட்டிருக்கும் பாரு."

"கண்ணாடி எடுத்துட்டு வரேன் இரு." ஒரு நிமிடம். "போட்டிருக்கு. அதுக்குக் கீழ ஏதோ நீளமா இருக்கு. படிக்கட்டா?"

"படிக்க வேணாம். ரைட் கிளிக் பண்ணு."

"பண்ணிட்டேன். எல்லாம் போயிடுச்சு."

"எது போயிடுச்சு?"

"எல்லாம்தான்டா. நீ என்ன அங்கேர்ந்து அதட்டறே? வந்து நீயே பண்ணு."

இப்படி ஒரு கிளிக்குக்கு நாற்பது நிமிடம். டிரைவரைப் புதுப்பித்தோம். பக்கத்து வீட்டுக்காரர்களின் வைஃபை குறுக்கிடுகிறதோ என்று அலைவரிசை எண்ணை ஒன்று, ஆறு, பதினொன்று என மாற்றினோம். விமான நிலையம் அருகில்தானே, தாழப் பறக்கும் விமானங்கள்தான் காரணமோ என்று அவை வந்துபோகும் நேரங்களை இரண்டு வாரம் நோட்டில் எழுதினேன். பொருந்தவில்லை. ஞாயிறு காலையில் அம்மா ஆராதனைக்குக் கோயிலுக்குக் கிளம்பும் முன்பு சோதித்தால் படம் கண்ணாடி போல் இருக்கும். அதே நாள் மாலையில் நொறுங்கும். அது ஏன் என்று மட்டும் விளங்கவில்லை.

அப்பா பத்தியில் எழுதியது வேறு. இணைப்பு கிடைக்கும் சில நிமிடங்களில் அவர் திரையைப் பார்ப்பதைவிட அதிகமாக, இடது கையைத் தோளுக்கு மேல் பின்பக்கமாக நீட்டி எதையோ காட்டிக்கொண்டிருந்தார். பின்னால் படுக்கையறைக் கதவு. அதன் வழியே கண்ணாடி பதித்த இரும்பு பீரோ தெரியும்.

"ஆரம்பிச்சுட்டார்" என்பாள் அம்மா. "தினம் இல்லடா, ஞாயித்துக்கிழமை மட்டும்தான். பீரோவுல என்னமோ வேணும் இவருக்கு." போய்த் திறந்து கைக்கடிகாரத்தை எடுத்து வருவாள். தலையை ஆட்டுவார், வேண்டாம் என்று. அடுத்த வாரம் கல்யாண ஆல்பம். அதுவும் இல்லை. பள்ளியில் கொடுத்த வாழ்த்து மடல், கம்பளிச் சால்வை, வீட்டுப் பத்திரம். எதுவுமில்லை. அவர் கண்களை மூடிக்கொள்வார்.

"என்ன வேணும்னு இவருக்கே தெரியலப்பா" என்றாள் ஒருநாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே. நானும் அவரை வைத்துக்கொண்டே பதில் சொன்னேன். "டாக்டர் சொன்னார்ல, கொஞ்சம் குழப்பம் இருக்கும்னு."

மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. என் குறிப்பிலேயே அது இல்லை. ஆனால் பதினோராவது வாரம் நோட்டில் நானே எழுதியிருக்கிறேன்: "காரணமின்றி பீரோவைக் காட்டுகிறார். நினைவு தடுமாறுவது போல்."

3

லேப்டாப் நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தேன். கனடா எண். இருபத்தைந்து நிமிட இசைக்குப் பிறகு, அளந்து பேசும் ஆங்கிலத்தில் ஓர் இளைஞர், தன் பெயர் கெவின் என்றார். வரிசை எண்ணைக் கேட்டார். கொடுத்தேன். லேப்டாப் உங்கள் முன்னால் இருக்கிறதா என்றார். இல்லை, இந்தியாவில் இருக்கிறது என்றேன். இந்தியாவில் எங்கே என்றார். சென்னையில், கீழ்க்கட்டளையில்.

விசைப்பலகைச் சத்தம் நின்றது. பிறகு குரல் இறங்கி வந்தது.

"சார், கீழ்க்கட்டளையா? நான் மேடவாக்கம் சார்."

"நீங்க இப்ப எங்கேர்ந்து பேசறீங்க?"

"பள்ளிக்கரணை தாண்டி நம்ம ஆபீஸ், சார். சொல்லக் கூடாது. சொல்லிட்டேன்."

என் குரல் உலகத்தைச் சுற்றிக்கொண்டு போய், அப்பாவின் வீட்டிலிருந்து ஒரு பஸ் பிடித்தால் போய்விடக்கூடிய இடத்தில் இறங்கியிருந்தது. "அப்ப ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துடுங்களேன்" என்றேன். பாதி வேடிக்கை, பாதி கெஞ்சல்.

"எனக்கும் போகலாம்னுதான் இருக்கு சார். ரூல்ஸ் இல்ல. இது கனடாவுல வாங்கினது, வாரண்டி கனடாவுக்கு மட்டும்தான். நீங்க லேப்டாப்பை அங்க கொண்டு வந்து ஒரு சென்டர்ல குடுக்கணும்."

"நான் எங்கப்பாவைப் பார்க்கறதுக்காகத்தான் அதை அங்க அனுப்பினேன், தம்பி."

"புரியுது சார்" என்றார். பிறகு யாரோ பின்னால் வந்து நின்றிருக்க வேண்டும். ஆங்கிலம் திரும்பி வந்தது. இன்று வேறு ஏதாவது உதவி தேவையா என்று கெவின் கேட்டார்.

காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் படிவங்களைச் சரிபார்ப்பது இங்கே என் வேலை. கட்டத்துக்குள் அடங்காத பதில்களை எழுதியவர்களுக்குத் திருப்பி அனுப்புகிறேன். கெவின் மீது கோபப்பட எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் அன்று முழுவதும் கோபமாகவே இருந்தேன்.

4

தயாளனைப் பிடித்தேன். அவரும் எரிச்சலில்தான் இருந்தார்.

"சார், நான் வந்தா சூப்பரா ஓடுது. நான் கெளம்பி மூவரசம்பட்டு தாண்டல, அம்மா போன் பண்ணிடுறாங்கோ. நான் இன்னா சார் பண்றது? உங்க வூட்லயே குந்திக்கினு இருக்க முடியுமா?"

"பெட்டியில லைட் எல்லாம் எரியுதா?"

"எல்லாம் பச்சையா கீது சார். ஜம்முனு கீது."

"பெட்டி சூடாகுதா?"

"லைட்டா சூடு கீது. அது இருக்கும் சார்."

"ஒயர் எதாவது லூஸா?"

"நான் போட்டது சார் அது. லூஸா இருக்குமா? இன்னா சார் நீங்க, பேஜார் பண்றீங்க."

பெட்டியின் நிறம், சூடு, விளக்கு, வயர், ஆன்டெனா நிற்கும் கோணம் எல்லாம் கேட்டேன். நோட்டில் எழுதினேன். நிருபராகச் சேரும் யாருக்கும் முதல் நாளே சொல்லித்தருவது: யார், என்ன, எப்போது, எங்கே, ஏன். நான்கைக் கேட்டுவிட்டு ஒன்றை விட்டுவிட்டேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

5

எஸ்தர் என் மகள். ஒன்பது வயது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இரண்டு வருடம் போனாள், மூன்றாம் வருடம் மறுத்துவிட்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். என் அம்மாவோடு தொலைபேசியில் அவள் பேசும் தமிழ் நான்கு சொற்கள்: ஸ்தோத்திரம், சாப்பிட்டேன், சரி, பை. அம்மா அதைக் குறையாகச் சொல்வதில்லை. ஆனால் ரிசீவரை வைத்ததும் பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கும்.

எனக்கு வியப்பாக இருந்தது, என் அப்பாவோடு மட்டும் அவள் உட்கார்ந்ததுதான். படம் வரைந்து கேமரா முன் காட்டுவாள். அவர் பார்ப்பார். ஒரு தாளில் அவள் பூஜ்யம்-பெருக்கல் விளையாட்டுக்குக் கட்டம் போட்டு, எங்கே பெருக்கல் குறி போடலாம் என்று விரலால் தொட்டுத் தொட்டுக் கேட்க, அவர் தலையசைப்பார். இருவருக்கும் தமிழ் இல்லை. அதனால் இருவருக்கும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. படம் அறுந்து போகும்போதெல்லாம் அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பாள். வர வரக் காத்திருக்கும் நேரம் குறைந்துகொண்டு வந்தது. பதின்மூன்றாவது ஞாயிறு, நீச்சல் வகுப்பை ஞாயிறு காலைக்கு மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். அடுத்த வாரம் பார்ப்போம் என்றேன்.

அந்த அடுத்த வாரம்தான் பதினான்காவது.

எட்டு முப்பத்தாறு. படம் திக்கியது. அப்பாவின் இடது கை தோளுக்கு மேல் எழுந்தது. நான் திரையின் மூலையில் சிக்னல் கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஆரம்பிச்சுட்டார்" என்றாள் அம்மா, போய் பீரோவைத் திறந்தாள். படம் தெளிந்தது. நோட்டில் எட்டு முப்பத்தேழு, தெளிவு என்று எழுதினேன்.

எஸ்தர் என் முழங்கையை இழுத்தாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னது இது: "அப்பா, தாத்தா அலமாரியைக் காட்டல. உள்ள இருக்கிற லைட்டைக் காட்டறார்."

"எந்த லைட்?"

"பச்சையா மினுக்குதே. பாட்டி திறந்தா தெரியும். மூடினா தெரியாது. மூடினா தாத்தா உறைஞ்சு போயிடறார்."

திரையில் பீரோவின் உட்பக்கத்தை உற்றுப் பார்த்தேன்.

"அம்மா, பீரோவுக்குள்ள என்ன இருக்கு?"

"என்ன இருக்கும்? புடவை, பத்திரம், உங்கப்பா சர்ட்டிபிகேட்டு."

"லைட் எரியற மாதிரி என்ன இருக்கு?"

"உன் பெட்டிதான்" என்றாள், உப்பு எங்கே இருக்கும் என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போல.

வைஃபை பெட்டி ஆரம்பத்திலிருந்தே இரும்பு பீரோவுக்குள், நடுத்தட்டில், பட்டுப் புடவைகளுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. பீரோவின் முதுகில் துருப்பிடித்த ஒரு ஓட்டை வழியாக வயர்கள் உள்ளே போயிருக்கின்றன. கோயிலுக்குப் புடவை எடுக்கும்போது திறந்திருக்கும். தயாளன் வந்தால் காட்டுவதற்காகத் திறந்திருக்கும். மற்ற நேரம் மூடி, பூட்டி, சாவி அம்மாவின் இடுப்பில். இரும்புக்குள்ளிருந்து இடுக்கு வழியாகக் கசிந்த சிக்னலைத்தான் நான் அலைவரிசை மாற்றி மாற்றிச் சீராக்கிக்கொண்டிருந்தேன்.

"பீரோவுல ஏம்மா வச்சே?" கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். எஸ்தர் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பின்ன எங்க வைக்கிறது? இருநூறடி ரோடு போடறாங்க, வீடு பூரா தூசி. பல்லி வேற. நீ அவரைப் பார்க்கணும்னு அவ்வளவு தூரத்துலேர்ந்து அனுப்பினது. அதைக் கொண்டுபோய் வெளியில வைப்பேனா?"

எங்கள் வீட்டில் கெட்டுப்போகக் கூடாதது எதுவாக இருந்தாலும் அதன் இடம் பீரோதான். இது எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை.

"சரிம்மா. இப்ப மூடு."

மூடினாள். அப்பாவின் முகம் சதுரங்களாக உடைந்தது.

"திற."

முகம் கூடி வந்தது. அவர் நேராகத் திரையைப் பார்த்தார். தோளுக்கு மேல் இருந்த கையை இறக்கினார். விரல் முட்டியால் மேசையை இரண்டு முறை தட்டினார்.

படம் தட்டுக்கு ஒருமுறை அதிர்ந்தது.

6

நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். இணைப்பு என்ற பத்தியில் "அறுந்தது" என்று எங்கெல்லாம் எழுதியிருந்தேனோ, அங்கெல்லாம் கடைசிப் பத்தியில் "பீரோவைக் காட்டினார்" என்று இருந்தது. ஒரு வரி தப்பவில்லை. இரண்டும் என் கையெழுத்து. ஒவ்வொரு பத்தியையும் மேலிருந்து கீழாகப் படித்திருக்கிறேன். குறுக்கே படிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் காட்டுகிறார் என்று அம்மா முதலிலேயே சொன்னதையும் எழுதி வைத்திருந்தேன்.

அம்மா இன்னும் பீரோக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்ப இவருக்குப் புரியுதா?" என்றாள்.

"புரியுதும்மா. முதல் வாரத்துலேர்ந்து இதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கார்."

"எல்லாமா?" அவள் குரல் மாறியது. "போன மாசம் உங்க சித்தி வந்தப்ப நான் இவரோட அக்காவைப் பத்திச் சொன்னதெல்லாமா?"

அப்பாவின் உதடு இடது ஓரத்தில் மட்டும் மேலே போனது. வலது ஓரம் போகவில்லை. எஸ்தருக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது, ஆனால் அவள் முதலில் சிரித்தாள்.

அம்மா சிரிக்கவில்லை. அவரிடம் வந்து நின்றாள். அதுவரை பதினான்கு ஞாயிறும் அவரைப் பற்றி என்னிடம்தான் பேசினாள். இவர் சாப்பிட்டார், இவர் தூங்கல, இவருக்கு என்ன வேணும்னு தெரியல. இப்போது என்னை மறந்துவிட்டு அவரிடம் கேட்டாள்: "டீ போடட்டுமாங்க?"

அவர் தலையசைத்தார். அவள் அடுப்படிக்குப் போனாள். இணைப்பு ஐம்பது நிமிடம் அறாமல் இருந்தது.

பெட்டி இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. வெளியே எடுக்க அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்து, அது மூடிவிடாமல் ஒரு நாற்காலியை அண்டக் கொடுக்கிறாள். தயாளனிடம் கேட்டேன், பீரோவுக்குள் வைத்ததை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று. "நீங்க கேக்கவே இல்லியே சார்" என்றார். "பூட்டிக்கினு கீறாங்கோன்னு எனக்கு இன்னா தெரியும்?"

எஸ்தர் நீச்சல் வகுப்பைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டாள். தமிழ் வகுப்பு இருந்த நேரத்துக்கு.

கடந்த ஞாயிறு எட்டு நாற்பத்தொன்றுக்குப் படம் திக்கியபோது, நானும் அம்மாவும் ஒரே நேரத்தில் பீரோவைத்தான் பார்த்தோம். கதவு திறந்திருந்தது. நாற்காலி இருந்த இடத்தில் இருந்தது. அப்பா தலையை ஆட்டி, இடது கையை நீட்டினார். இந்த முறை பின்பக்கம் இல்லை. நேராகக் கேமராவை நோக்கி. அப்படியே உறைந்தார்.

தொலைபேசி அடித்தது. "இங்க எல்லாம் சரியாத்தான்டா இருக்கு" என்றாள் அம்மா. "உங்கப்பா உன் பக்கத்தைக் காட்டறார். போய்ப் பாரு."

நிலவறைக்குப் போனேன். இரண்டு வாரத்துக்கு முன் அங்கே சுத்தம் செய்தபோது, வழியில் இடறுகிறது என்று எங்கள் வைஃபை பெட்டியை நானே எடுத்து, இரும்பு அலமாரியில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்திருந்தேன். மேலே கொண்டு வந்து கூடத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தேன்.

எட்டு நாற்பத்தைந்துக்கு அப்பா வந்தார். மேசையை இரண்டு முறை தட்டினார்.